மழைக்குப் பதில் சொன்ன கூரைகள்: கண்டிக் கட்டடக் கலையும் தேவேந்திர மூலாச்சாரியும்

கண்டிக் கட்டடக் கலையைப் பற்றி யார் எழுதினாலும் முதற்பக்கத்திலேயே ஒரு வழக்குத் தொடங்கிவிடுகிறது. இது யாருடைய கலை என்ற வழக்கு. கரையோரம் முழுவதும் போர்த்துக்கேயர் கைக்கும் ஒல்லாந்தர் கைக்கும் போன பிறகு, மலைக்குள் கலப்பின்றிக் காக்கப்பட்ட தூய சிங்களக் கலை இது என்பது ஒரு தரப்பு. தமிழராகிய நம்மவர் தரப்பு வேறு. கடலாதெனியக் கோயிலை எழுப்பியவர் கணேசுவராச்சாரி, லங்காதிலகக் கோயிலை எழுப்பியவர் ஸ்தபதி ராயர், கடைசி நான்கு மன்னரும் நாயக்கர். ஆகவே இது கடல் தாண்டி வந்த திராவிடக் கலையின் மலைக் கிளை என்று நம் மலர்கள் பலவற்றில் எழுதியாயிற்று. இரு தரப்பும் எடுத்துக்காட்டும் சான்றுகள் பெரும்பாலும் உண்மையானவை. கோளாறு அளவுகோலில் இருக்கிறது. ஒரு கட்டடத்தின் தரத்தை அதன் பூர்வீகத்தைக் கொண்டு எடைபோடுகிறார்கள். வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தின் மழைக்கும் சரிவுக்கும் கைவசம் இருந்த மரத்துக்கும் மண்ணுக்கும் அது எப்படி ஈடுகொடுத்தது என்பதே இம்மரபு தனக்கென வைத்திருந்த தரம் என்று எனக்குப் படுகிறது. அந்தத் தரத்தை வைத்துப் பார்த்தால், மரபின் கடைசிக் கட்டத்தில் நின்று அதை ஒரு கட்டடத்திலிருந்து ஒரு நகரத்துக்கே விரித்துக் காட்டியவராகத் தேவேந்திர மூலாச்சாரி தெரிகிறார்.

தொடக்கம் கம்பளைக் காலத்தில் இருக்கிறது. உடுநுவரையில் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடக்கூடிய தொலைவில் மூன்று கோயில்கள் நிற்கின்றன: கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க. முதலிரண்டும் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கடலாதெனிய முழுக்கக் கருங்கல் வேலை. அகன்ற பாறையின் முதுகில் கல் அதிட்டானம், அதன்மேல் நடன உருவங்கள் செதுக்கிய தூண்கள், கற்பலகை வேய்ந்த கூரை, கருவறைக்கு மேலே எண்கோணச் சிகரம். உள்ளே இருப்பது புத்தர் என்பதை மறந்துவிட்டால் தென்னாட்டுச் சிவன் கோயிலொன்றின் முன் நிற்பதாகவே தோன்றும். லங்காதிலகவின் போக்கு வேறு. சேனாலங்காதிகாரர் என்ற அமைச்சரின் கொடையில் எழுந்த அது பெரும்பாலும் செங்கல்லாலானது. ஆதியில் நான்கு தளங்கள் கொண்டிருந்தது. புத்தர் படிமத்தைச் சுற்றிக் கணபதி, கந்தகுமாரர், சமன், விபீஷணர், உபுல்வன் ஆகியோருக்குச் சந்நிதிகள் உண்டு. பக்கத்துப் பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் சாசனம் வெட்டியிருக்கிறார்கள். சிங்கள மன்னனின் ஆட்சியில், பௌத்தக் கோயிலுக்கு விட்ட நிலக்கொடையைத் தமிழிலும் எழுதி வைப்பது அன்றைக்கு யாருக்கும் விந்தையாகப் படவில்லை.

இவ்விரண்டையும் நம் பெருமையாக எண்ணி மகிழ்வதில் தவறில்லை. ஆனால் அவற்றுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கண்டிப் பிரதேசத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கும் வடகிழக்கும் முறை வைத்துக்கொண்டு கொட்டுகின்றன. தளத்தின்மேல் தளமாக எழுப்பிய செங்கல் விமானம் தஞ்சைச் சமவெளியின் வெயிலில் நிற்பதுபோல் இங்கே நிற்பதில்லை. சாந்து ஊறுகிறது, இடுக்கில் பாசி பிடிக்கிறது, வேர் இறங்குகிறது. லங்காதிலகவின் மேல்தளங்கள் சிதைந்து போயின. இன்று அதன் தலையில் இருப்பது பிற்காலத்தில் வைத்த மரச்சட்டமும் ஓடும் கொண்ட கண்டிக் கூரை. கடலாதெனிய வளவில் உள்ள தாதுகோபத்தைப் பாருங்கள். வெட்டவெளியில் வானத்தை நோக்கி நிற்பதற்கென்றே பிறந்த வடிவம் அது. அநுராதபுரத்தில் எந்தத் தாதுகோபமும் இன்று குடை பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. இங்கேயோ நான்கு தூண்களை நட்டு, அதற்கு மேலேயும் ஓர் ஓட்டுக்கூரையைப் போட்டுவிட்டார்கள். கல்லில் பிறந்த கலை மெல்ல மெல்லக் கூரைக்குள் வருவதை இந்த இரண்டு இடங்களிலும் கண்ணால் காணலாம்.

கல்லைக் கைவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கண்டி நகரிலேயே மிகப் பழைய கட்டடமான நாத தேவாலயம் பதினான்காம் நூற்றாண்டுக் கல்வேலை. சிறிய சிகரத்தோடு இன்றும், புத்தரின் புனிதப் பல்லைக் காக்கும் தலதா மாளிகைக்கு எதிரே நிற்கிறது. புதிய மன்னர்கள் பட்டப்பெயர் சூட்டிக்கொண்டது அதன் சந்நிதியில்தான். இருந்தாலும் மரபின் உயிர் வேறொரு பக்கம் சாய்ந்துவிட்டது என்பதற்கு எம்பெக்க சாட்சி. கதிர்காமத் தெய்வத்துக்கான இக்கோயிலின் மேள மண்டபத்தில் தூணுக்குத் தூண் செதுக்கல்: மல்லர், அன்னம், இரட்டைத் தலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். தெல்மட மூலாச்சாரியின் கைவேலை என்று மரபு சொல்கிறது. பார்க்க வருபவர்கள் தூணைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம் கூரையின் ஒரு முனை. அங்கே 26 கைமரங்கள் விசிறிபோல் விரிந்து வந்து ஒரே புள்ளியில் கூடுகின்றன. மடொல் குருபாவ என்னும் ஒற்றை மர ஆப்பு அத்தனையையும் கவ்விப் பிடித்திருக்கிறது. தூணின் செதுக்கல் அழகு. இந்த ஆப்பு அறிவு. கண்டித் தச்சனின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டால், நான் இந்த ஆப்பைத்தான் காட்டுவேன்.

கண்டிக் கூரையின் அமைப்பைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்து கிளைக்கின்றன. முகட்டிலிருந்து உள்வரிசைத் தூண்கள் வரை கூரை செங்குத்தாக இறங்குகிறது. அங்கே ஒரு முறிவு. அதற்குப் பிறகு, வெளிவரிசைக் குறுந்தூண்கள்மேல் சாய்வு குறைந்து தாழ்வாரமாகப் பரவுகிறது. மேற்சரிவில் நீர் தங்க வழியில்லை. கீழ்ச்சரிவில் அதன் வேகம் தணிந்து, சுவரின் காலடியில் விழாமல் தள்ளிப் போய் விழுகிறது. மழை பெய்யும்போதும் தாழ்வாரத்தில் உட்காரலாம், காற்றும் வெளிச்சமும் குறையாது. தட்டை ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேய்வதால் கூரையின் பாரம் பெரிது. அதைத் தாங்க உத்திரத்துக்கும் தூணுக்கும் நடுவே அகலமான போதிகை வேண்டும். தாமரை மொட்டாகத் தொங்கும் கண்டிப் போதிகையின் அழகுக்கு அடியில் இருப்பது இந்தப் பாரக் கணக்குத்தான். தென்னாட்டுக் கற்றச்சன் போதிகையைக் கல்லில் செய்தான், மலைநாட்டுத் தச்சன் மரத்தில் செய்தான் என்ற அளவோடு ஒப்பீட்டை முடித்துவிடுவது போதாது. மரத்துக்கு மாறியதும் தூண்களுக்கிடையே தூரம் கூடியது, சுவர் விலகியது, மண்டபம் நாலாபுறமும் திறந்தது. வேறொரு கட்டடமே பிறந்துவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கூரை மழையினால் வந்தது என்பது எளிய விளக்கம்; உண்மையில் அது சாதி, பதவி ஆகியவற்றின் அடையாளம் அல்லவா? றொபர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்து தப்பிப் போய் 1681இல் வெளியிட்ட நூலில், குடிமக்கள் ஒரு தளத்துக்கு மேல் கட்டக்கூடாது, ஓடு வேயக்கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு பூசக்கூடாது என்று விதி இருந்ததைப் பதிந்திருக்கிறார். ஆகவே ஓட்டுக்கூரை என்பது அரசனுக்கும் தெய்வத்துக்கும் பிரதானிகளுக்கும் உரிய சின்னம்தான். மறுக்கவில்லை. ஆனால் பதவி தீர்மானித்தது ஓடா வைக்கோலா என்பதை. சரிவைத் தீர்மானித்தது பதவி அன்று. அதே நொக்ஸ் காட்டும் குடியானவனின் தாழ்ந்த மண்வீடும் கூரை வேய்ந்துதான் நின்றது, அதன் மேலும் அதே மழைதான் பெய்தது. அரசனின் கூரையும் உழவனின் கூரையும் ஒரே பாடத்தை வெவ்வேறு பொருளில் எழுதியவை.

அடுத்தது நாயக்கர் காலம். நம் தரப்பு வாதம் தடுமாற வேண்டிய இடம் இது. 1739இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரியணை ஏறியது முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைத் தொடர்புள்ள நாயக்கர்கள். திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய மகாலின் பருத்த தூண்களையும் சுதை வளைவுகளையும் நினைவில் வைத்திருக்கக்கூடிய வமிசம். அந்த மகாலின் சாயலில் ஒரு மண்டபத்தையேனும் இவர்கள் கண்டியில் எழுப்பினார்களா? இல்லை. கோபுரம் எழுப்பினார்களா? அதுவும் இல்லை. இராஜாதி ராஜசிங்கன் 1780களில் தொடங்கி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் முற்றுப்பெற்ற மகுல் மடுவ என்னும் அரச சபா மண்டபம், சுவரே இல்லாத மரத்தூண் மண்டபம். எம்பெக்க மேள மண்டபத்தின் நேர் வாரிசு. 1815 மார்ச் 2ஆம் திகதி, இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானதும் இங்கேதான். சிங்கள மன்னர் ஆண்ட கம்பளையில் கட்டடங்கள் மிகத் தென்னாட்டுத் தன்மையோடு இருந்தன. தென்னாட்டு வமிசம் ஆண்ட கண்டியில் அவை மிகவும் மலைநாட்டுத் தன்மையோடு இருந்தன. பூர்வீகத்தை அளவுகோலாக வைத்தால் இந்த முரணுக்கு விடை கிடைக்காது.

விடை ஆச்சாரிமாரிடம் இருக்கிறது. கண்டி அரசில் கைவினைஞர் அனைவரும் கொட்டல் பத்த என்ற பகுதிக்குள் அடங்கியிருந்தனர். அவர்களில் மேலோர் நான்கு பட்டறைகளாகப் பிரிந்து அரசனுக்கென்றே வேலை செய்தனர். கூலி பணமாக வரவில்லை, நிலமாக வந்தது. வயலை அனுபவிப்பவன் அதற்கு ஈடாக இராசகாரியமாகத் தொழில் செய்ய வேண்டும். தகப்பன் நிலம் மகனுக்கு வந்தால் தகப்பனின் உளியும் கூடவே வந்தது. மூலாச்சாரி என்பது இந்த ஏணியின் மேற்படி. அரியணையில் யார் அமர்ந்தாலும் இந்தக் குடும்பங்கள் மாறவில்லை, ஆகவே கூரையும் மாறவில்லை. எழுத்து விதிகளும் அவர்களிடம் இருந்தன: சமஸ்கிருத மயமதத்தைத் தழுவிச் சிங்களச் செய்யுளாக வந்த மயிமதய, படிம அளவுகளுக்குச் சாரிபுத்திரம். மனையளக்கும் கோலும் ஆயாதி என்னும் அளவுப் பொருத்தமும் மாமல்லபுரத்து ஸ்தபதிக்கும் உடுநுவரைத் தச்சனுக்கும் பொதுச்சொத்து. நூல் ஒன்றாக இருந்தும் கட்டடம் வேறாக வந்தது என்பதுதான் கவனிக்கத் தக்கது. நூல் அளவைச் சொல்லும். எந்த மரம், எவ்வளவு சரிவு, பள்ளத்தாக்கின் எந்தப் பக்கம் முகப்பு என்பதையெல்லாம் கைதான் தீர்மானிக்கும்.

இந்தக் கையின் உச்சம் தேவேந்திர மூலாச்சாரி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் (1798-1815) அரண்மனைத் தலைமைக் கட்டடக் கலைஞர். தலதா மாளிகையின் முகப்பில் வலப்பக்கம் நிற்கும் எண்கோண மண்டபமான பத்திரிப்புவ, கண்டி வாவி, அதன் கரையோர முகில் மதில் ஆகிய மூன்றும் அவர் பெயரோடு சேர்ந்தவை. தனித்தனியே பார்த்தால் ஒரு மண்டபம், ஒரு குளம், ஒரு சுவர். மாளிகைக்கு முன்னுள்ள மகாமளுவ முற்றத்தில் நின்று மூன்றையும் ஒருசேரப் பார்க்கும்போதுதான் அவர் செய்தது என்னவென்று புரியும். அதுவரை கண்டி மரபு மண்டபங்களைத்தான் அறிந்திருந்தது. மலையை, நீரை, வீதியைக் கட்டடத்தின் உறுப்புகளாகச் சேர்த்தெண்ணும் பழக்கம் அதற்கு அதிகம் இல்லை. வீர நரேந்திரசிங்கன் காலத்து இரண்டு தள மாளிகை உள்ளொடுங்கிய கட்டடம். அதன் முன் அகழி, அகழியோரம் அலை அலையாக வளைந்தோடும் மதில், மூலையில் எட்டுப் பக்கமும் திறந்து தனியே நிமிரும் பத்திரிப்புவ என்று அவர் சேர்த்தபோது, உள்ளே ஒடுங்கியிருந்த புனிதத்துக்கு வெளியே பார்க்கும் ஒரு முகம் கிடைத்தது. அரசன் அங்கிருந்து மக்களுக்குத் தரிசனம் கொடுத்தான், பெரஹரா ஊர்வலத்தைப் பார்த்தான். இப்போது அங்கே ஏட்டுச்சுவடிகள் காக்கப்படுகின்றன.

வாவியும் அவ்வாறே. வயல்வெளியாக இருந்த பள்ளத்தை அணைகட்டி நீராக்கும் வேலை 1807 அளவில் தொடங்கி 1812 வரை நடந்தது. சிங்களத்தில் அதற்குக் கிரிமுஹுத என்று பெயர், அதாவது பாற்கடல். இலங்கையில் குளம் வெட்டுவது புதிதன்று. ஈராயிரம் ஆண்டாக வயலுக்காக வெட்டினார்கள். இங்கே வயலை அழித்துக் குளம் வந்தது. பாசனத்துக்கு உதவாத நீர், பார்ப்பதற்கென்றே தேக்கிய நீர். கரைநெடுக முகில் மதிலின் விளிம்பு மேகத் திரள்போல் ஏறி இறங்குகிறது. உடம்பெங்கும் அகல் வைக்கும் மாடங்கள். அகல்கள் எரியும் இரவில் மதில் நீருக்குள் தலைகீழாக மிதக்க, மேலே மாளிகை முகில்மேல் நிற்கும் தேவலோகமாகத் தெரிய வேண்டும் என்பது திட்டம். இது மேருமலையும் பாற்கடலும் பற்றிய பழைய கற்பனைதான், புதுமை அதில் இல்லை. நேர்கோட்டில் எழுப்பினால் மலைச்சரிவோடு மோதியிருக்கக்கூடிய ஒரு சுவரை, பின்னால் தெரியும் மலைமுகட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஒத்து வளைத்ததில்தான் அவர் கை தெரிகிறது. கம்பளைக் காலக் கட்டடம் மழைக்குப் பதில் சொல்லப் பழகியது. மூலாச்சாரியின் மதில் மலைக்கே பதில் சொல்கிறது. 1815இல் அரசு விழுந்தபோது மதில் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

மறுப்புகள் பல. வரைபடமோ கூலிக்கணக்கோ எதுவும் இல்லாதபோது மூன்றையும் ஒருவர் தலையில் ஏற்றுவது எப்படி என்பர். நியாயமான ஐயம். கண்டியில் எந்த ஆச்சாரியும் வரைபடம் விட்டுப்போகவில்லை. அந்த அளவுகோலை வைத்தால் கணேசுவராச்சாரியைத் தவிர அனேகமாக எல்லோரையும் இழப்போம். அவரும் சாசனத்தில் பெயர் வந்ததால் தப்பியவர். மூன்று வேலைகளும் ஒரே ஆட்சியில், ஒரே வளவில் எழுந்தவை, அவற்றுள் ஒரே வளைகோடு ஓடுகிறது. ஒரு தலைமை மனம் இருந்தது என்பதற்கு அது போதும். மரபு அதற்கு ஒரு பெயரும் தருகிறது, அதை ஏற்பதில் இடர் இல்லை. இன்னொரு மறுப்பு, பத்திரிப்புவ மாளிகையின் சமச்சீரைக் குலைக்கிறது, ஒரு பக்கமாக ஒட்டவைத்ததுபோல் துருத்திக்கொண்டிருக்கிறது என்பது. ஆம், ஒரு பக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சமச்சீர் சமவெளியின் சௌகரியம். குன்றுக்கும் நீருக்கும் நடுவில் கிடைத்த ஒடுங்கிய திட்டில் நடுக்கோடு போட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுப்பியிருந்தால், வாவிப் பக்கம் திரும்பும் மூலை வெறுமையாகியிருக்கும். எல்லாத் திசைக்கும் முகம் காட்டக்கூடிய வடிவம் எண்கோணம். திருப்பத்தில் நிற்க அதைவிடப் பொருத்தமானது வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் இன்னோர் அரசனின் கட்டடக் கலைஞர் இதே சிக்கலை வேறு முனையிலிருந்து எதிர்கொண்டார். குளோத் நிக்கொலா லெது (1736-1806), நவசெவ்வியல் பாணியின் துணிச்சல்காரர். ஆர்க்-எ-செனானில் 1775 முதல் 1779 வரை அவர் கட்டிய அரச உப்பாலை ஓர் அரைவட்டம்: விட்டத்தின் நடுவே மேற்பார்வையாளர் மாளிகை, வில்போல் சுற்றிலும் தொழிலாளர் குடியிருப்பு. உப்புக் காய்ச்சும் இடத்துக்குக் கிரேக்கக் கோயிலின் தூண்களா என்று அன்றே முகம் சுளித்தவர்கள் உண்டு. பிறகு பாரிசைச் சுற்றி எழுந்த வரிமதிலுக்கு 1780களில் அவர் சுங்க வாயில்களை வடிவமைத்தார். நகருக்குள் வரும் பொருளுக்கெல்லாம் வரி வாங்கும் வாயிலுக்கு அத்தனை கம்பீரமா என்று மக்கள் கொதித்தார்கள். 1789 ஜூலையில், பஸ்தீல் விழுவதற்கும் முன்பே, வாயில்கள் பல எரிந்தன. 1793இல் லெது சிறைப்பட்டார். 1795இல் வெளியே வந்த பிறகு கட்டுவதை விட்டு நூல் எழுதினார், 1804இல் அது அச்சேறியது. வாயில்களில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே இன்று மிஞ்சியிருக்கின்றன. உப்பாலையோ 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. கண்டிப் புனித நகர் ஏறியது 1988இல்.

இருவரையும் பக்கத்தில் வைப்பது அழகுக்காக அன்று. லெதுவுக்கு ரோமும் கிரேக்கமும் நூல்வழி வந்த தரம். அக்கடமி அதன் காவலர். தூணின் விட்டத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை அவர் மீறினால், மீறல் என்று சொல்ல ஆள் இருந்தது, பதில் சொல்ல அவரிடமும் அச்சுப் புத்தகம் இருந்தது. மூலாச்சாரிக்குத் தரம் கைவழி வந்தது. அவர் எதை மீறினார், ஏன் மீறினார் என்று அவரே சொல்ல வழியில்லை. கட்டடத்தைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இதனால் ஐரோப்பியர் மேதையாகவும் நம்மவர் வெறும் மரபின் கைக்கருவியாகவும் வரலாற்றில் இடம்பெற்றுவிடுகிறார்கள். மலைநாட்டுக் கைவினையைப் பற்றி 1908இல் ஒப்பற்ற நூலொன்றை அச்சிட்ட ஆனந்த குமாரசுவாமியிடமும் இதன் சாயல் உண்டு. கைவினைஞனின் வாழ்க்கை முறையை அவரைப்போல் அன்போடு எழுதியவர் இல்லை. ஆனால் தனியாளின் கண்டுபிடிப்பைவிட மரபின் ஒருமையையே அவர் உயர்த்திப் பிடித்தார். மரபு தந்ததை மட்டும் செய்தவர் முகில் மதிலைச் செய்திருக்க முடியாது. அதற்கு முன்மாதிரி எம்பெக்கவிலும் இல்லை, மதுரையிலும் இல்லை.

அறம் சார்ந்த மறுப்பு இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. வாவி இராசகாரிய உழைப்பால் தோண்டப்பட்டது. உழுகிற காலத்தில் உழவனை மண் சுமக்க வைத்த வேலை அது. எதிர்த்த சிறு தலைவர்கள் வாவியின் தரையிலேயே கழுவேற்றப்பட்டார்கள் என்று வழிவழிச் செய்தி உண்டு. 1815இல் அரசனைக் காக்கப் பெரிதாக யாரும் முன்வராததற்கு இந்த வெறுப்பும் ஒரு காரணம். அவன் பெப்ரவரியில் பிடிபட்டு, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். அப்படியிருக்க வாவியை மெச்சலாமா? உழைப்பின் கொடுமையைக் கட்டடத்தின் அழகு கழுவிவிடாது என்பதை ஏற்கிறேன். அதனால் கட்டடத்தின் தரம் பொய்யாகிவிடும் என்பதை ஏற்கவில்லை. லெதுவின் வாயில்களை எரித்தவர்களுக்கு வரியின்மீது கோபம். எரிந்தது கட்டடக் கலை. கண்டியில் ஆட்சிக்கு வந்த பிரித்தானியர் வாவியைத் தூர்க்காமல் விட்டார்கள். இன்று மூன்று கிலோமீட்டர் சுற்றளவுள்ள அதன் கரையில் நகரமே காற்று வாங்குகிறது. எல்லாத் தரத்தையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டியதில்லை. இறந்தவர்களுக்காக ஒரு கல்லாவது கரையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

மரபு முறிந்தது 1815இல் என்று பொதுவாக எழுதுகிறார்கள். 1832 என்பது சரியாக இருக்கும். கோல்புறூக் ஆணைக்குழுவின் பின் இராசகாரியம் ஒழிந்தது. உழவனுக்கு அது விடுதலை, சந்தேகமில்லை. ஆச்சாரிக்கோ நிலத்துக்கும் உளிக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. கோயில் நிலங்களில் மட்டும் பழைய சேவை முறை தொடர்ந்தது. கண்டிக் கைவினை இன்று எஞ்சியிருக்கும் ஊர்கள் பெரும்பாலும் விகாரைகளையும் தேவாலயங்களையும் சுற்றியே இருப்பது தற்செயலானதன்று. பிரித்தானியர் கட்டியவற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தமக்கெனக் கட்டிய வெள்ளை மாளிகை லெதுவின் காலத்துத் தூண்களை இங்கிலாந்து வழியாகக் கொண்டுவந்தது. அரண்மனைச் சதுக்கத்தில் செங்கல் சிவப்போடு எழுந்த சென் போல்ஸ் தேவாலயம் தான் எந்த நாட்டில் நிற்கிறது என்று கவலைப்படவே இல்லை. விதிவிலக்கு ஒன்று: 1833இல் பேராதனையில் மகாவலிக்கு மேல் ஒற்றை வளைவாக எழுந்த முதிரை மரப் பாலம். எம்பெக்க ஆப்பை அறிந்த கண்ணுக்கு அந்த மர இணைப்பு அந்நியமாகப் பட்டிருக்காது. 1905இல் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் மீட்சியை இதே தரம் கொண்டு பார்ப்பது பயனுள்ளது. திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தை வடிவமைத்தவர் ஆங்கிலேயப் பாதிரியார் எல்.ஜே. காஸ்டர். மகுல் மடுவவையே முன்மாதிரியாக வைத்து, சுவரில்லாத மண்டபமாக, கல்தூண்மேல் கண்டிக் கூரையாக 1923இல் அது தொடங்கி 1935இல் அபிஷேகம் பெற்றது. கட்டியவர் யார், வழிபடுபவர் யார் என்ற கேள்விகளைத் தாண்டி அது மரபுக்குள் உட்கார்ந்துவிடுகிறது, ஏனென்றால் கூரையும் காற்றும் பொய் சொல்லவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகம் விவாதத்துக்குரியது. பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் நிலத்தை வகுத்தார்கள். ஷேர்லி டி அல்விஸ் கட்டடங்களை வரைந்தார். ஹந்தானைச் சரிவுக்கும் ஆற்றுக்கும் நடுவே கட்டடங்களை வைத்த முறையில் மூலாச்சாரியின் பாடம் தெரிகிறது. இராமநாதன், அருணாசலம் விடுதிகள் மேட்டுக்கு ஏற்றபடி அமர்ந்திருக்கின்றன. ஆனால் மரத்தில் உளி செய்ததை வார்ப்பில் திரும்பச் செய்த தூண்களைப் பார்க்கும்போது, போதிகைக்குச் சுமக்க ஒன்றுமில்லை என்பதும் தெரிகிறது. கொங்கிறீட் உத்திரம் தன்னையே தாங்கிக்கொள்ளும். அமைப்பில் மரபு, அலங்காரத்தில் நகல் என்பதே அதற்கு என் மதிப்பீடு.

கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா (1918-1998) இந்த இடறலைக் கண்டுகொண்டவர். 1951இல் முடிந்த கருணாரத்ன இல்லத்தில் கண்டிக் கூரையை அவர் நகலெடுக்கவில்லை. சரிவை வெட்டிச் சமன் செய்யாமல் வீட்டையே தட்டுத்தட்டாகச் சரிவோடு இறக்கினார். தும்பறைப் பாய் நெசவைக் கதவுப் பலகைக்குள் கொண்டுவந்தார். ஊர்க் குயவரிடம் ஓடு சுட்டார், அரக்கு வேலைக்காரரைப் படிக்கட்டின் கைப்பிடிக்கு அழைத்தார். சுவரில் ஜோர்ஜ் கீற் ஓவியம் தீட்டினார். இலண்டனில் படித்தவர், லெ கொர்பூசியேயின் நண்பர், கொங்கிறீட்டை வெறுக்காதவர். இருந்தும் பட்டறையை மறுபடி கட்டடத்தோடு முடிந்தார். வத்தபுளுவ வீடமைப்புத் திட்டத்தில் குடியேறப் போகிறவர்களிடமே கேட்டறிந்து வீடுகளை வகுத்ததும் அவரே. 1832இல் அவிழ்ந்த முடிச்சை நிலமானியம் இல்லாமலே திரும்பப் போட முடியுமா என்ற கேள்விக்குக் கிடைத்த முதல் உருப்படியான விடை இவருடையது என்பேன்.

இன்று நகரைச் சுற்றி எழும் வங்கிகளும் விடுதிகளும் நான்கைந்து மாடிக் கொங்கிறீட் பெட்டிக்கு மேலே ஒரு கண்டிக் கூரையைத் தொப்பியாகக் கவிழ்த்துவிட்டு மரபைக் காத்துவிட்டதாக நினைக்கின்றன. முறிவு இருக்கிறது, ஆனால் அதற்குக் கீழே உள்வரிசைத் தூண் இல்லை, தாழ்வாரம் இல்லை, நீர் நேராக நடைபாதையில் விழுகிறது. 1998 ஜனவரிக் குண்டுவெடிப்பில் தலதா மாளிகையின் முகப்பும் கூரையும் கற்செதுக்கல்களும் சிதைந்தபோது, அடுத்த ஆண்டுக்குள் அவற்றைப் பழைய முறையிலேயே செப்பனிட்டு முடிக்கக் கல்லும் மரமும் தெரிந்த கைகள் மலைநாட்டில் இருந்தன. அந்தக் கைகளுக்கு வேலை கொடுப்பது கோயில் திருத்தம் மட்டும்தான் என்றால், அடுத்த தலைமுறையில் கைமரத்தைக் கவ்வும் ஆப்பைச் சீவத் தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை நகரத் திட்டம் வகுப்போர் கணக்கெடுக்க வேண்டும்; கூரையின் வடிவத்துக்கு விதி எழுதுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.